குர்து ஊர்க்காரன் மடி

அந்த ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தத் தெருவில் யார் இருந்தார்கள், யார் காலி செய்துகொண்டு போனார்கள், கல்யாணத்துக்குப் பந்தலை எங்கே போடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் இதைச் சொல்லக்கூடிய ஆள் என்னை விட்டால் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஈராக் என்பார்கள், யுத்தம் என்பார்கள். அதற்கு மேல் போக மாட்டார்கள்.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இன்னொருவரிடம் பந்தல்கால் ஊன்றுகிற வேலையில் சேர்ந்தேன். இரண்டாயிரத்து நாலு வாக்கில் சொந்தச் சாமியானா, சொந்த நாற்காலி, சொந்தப் பாத்திரம், அதை ஏற்றிப்போகச் சொந்த லாரி. சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினம் பக்கம் ஜனங்கள் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தது என் துணியின் கீழேதான். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி என்றால் முதலில் எனக்குத்தான் சொல்லியனுப்புவார்கள். காற்று எந்தத் திசையில் திரும்பும் என்று பார்த்துக் கயிறு கட்டுகிறவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரித்தால் யாரும் சொல்வார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தப் பையன் என் வீட்டு மாடிக்குக் குடி வந்தான். பல்கலைக்கழகத்தில் விவசாயத்தில் மேல்படிப்பு. இருபத்து மூன்று வயது இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்கு வீடு விட எங்கள் பக்கத்தில் யாரும் முன்வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், கறி சமைப்பான், ராத்திரி பாட்டு வைப்பான் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் விட்டேன். பயப்படுகிறவன் சொந்தத் தொழில் செய்ய முடியாது.

தெருவில் அவனைத் துபாய்க்காரன் என்றார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஈராக்காரன் என்றார்கள். அவன் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டான். "நான் குர்து" என்பான். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளைக் கடலூரில் கட்டிக்கொடுத்துவிட்டேன். சின்னவள் டிகிரி முடித்து கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வரும். அவள்தான் எனக்கு விளக்கினாள். குர்து என்றால் ஒரு ஜனம், தனி பாஷை, ஆனால் நாலு நாட்டில் பிரிந்து கிடக்கிறார்களாம். பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலம் மாதிரி என்றேன். அவள் அதை அவனிடம் சொன்னாள். அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அதிலிருந்து சாயந்திரம் ஆனால் கீழே வந்துவிடுவான். நான், என் மனைவி, சின்னவள், அவன். கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்போம். டீயில் சர்க்கரை போடக் கூடாது. சர்க்கரைக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வெறும் டீயை அதன் மேல் குடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். இங்கே அந்தக் கட்டி கிடைக்கவில்லை. என் மனைவி பூஜை அறையிலிருந்து கல்கண்டு எடுத்துக் கொடுத்தாள். அது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. பேச்சு எப்போதும் அவன் ஊரைப் பற்றித்தான். அவன் சொல்ல, சின்னவள் தமிழில் சொல்லுவாள். நான் கேள்வி கேட்பேன். எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும். நான் முன்னுக்கு வந்ததே அதனால்தான்.

ஊர் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. தாலுகா ஊர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் சந்தை, அதுதான் கோர்ட்டு. வீடுகள் படிப்படியாக ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. கீழ்வீட்டு மொட்டை மாடிதான் மேல்வீட்டுக்கு வாசல். எங்கள் சந்தில் ஐப்பசியில் தண்ணீர் நின்றால் வடிய நாலு நாள் ஆகும். அங்கே ஒரு மணி நேரத்தில் ஊர்த் தண்ணீரெல்லாம் கீழே நெல் வயலுக்குப் போய்விடுமாம். ஆமாம், நெல்தான். மலைக்குக் கீழே நல்ல நெல் விளைகிற பூமி. அந்த அரிசியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். நம் சீரகச் சம்பாவைச் சமைத்துப் போட்டேன். சுமார் என்றான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். முகத்துக்காகப் பேசாத ஆள்.

நான் கேட்ட முதல் கேள்வி, அகலமான தெருவே இல்லாத ஊரில் பந்தலை எங்கே போடுவார்கள் என்பது. கல்யாணம் மேல்வீட்டில் என்றால் கீழ்வீட்டு மொட்டை மாடியில் போடுவார்களாம். அதனால் கீழ்வீட்டுக்காரன் சம்மதம் வேண்டும். எவ்வளவு பெரிய சண்டையானாலும் மேல்வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால் பேசியாக வேண்டும். சாவு விழுந்தால் மூன்று நாள் கூடாரம் போட்டு ஊர் முழுக்க வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகும். மூன்று நாள் வாடகை. அந்த ஊரில் பிறந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே நான் லாரி வாங்கியிருப்பேன்.

மேலே ஒரு பழைய கோட்டை. அவர்களுடைய தலைவன் ஒருவன் கட்டியது, இப்போது இடிந்து கிடக்கிறது. ஒரு தெருவில் யூதர்கள் இருந்தார்கள். அவன் தாத்தா காலத்தில் ஒரே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் அவர்கள் பெயர்தான். அவர்களில் ஒரு தையல்காரர் தாத்தாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வீடு விழுந்துவிட்டது, சாவி இருக்கிறது. கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. கீழே சமவெளியில் மயிலைக் கும்பிடுகிற ஒரு கூட்டம் உண்டு, யசீதிகள் என்று பெயர். நான் முருகனா என்று கேட்டேன். இல்லையாம். மற்றபடி எல்லாரும் குர்துகள், தொழுகிறவர்கள்.

அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர் அதுவல்ல. பக்கத்துக் கிராமம். அந்தக் கிராமத்தை அரசாங்கத்து ராணுவமே இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. கிணற்றைக் கூட மூடிவிட்டார்கள். பிழைத்தவர்கள் இந்த ஊருக்கு வந்து ஒண்டினார்கள். அப்போது அவன் கைக்குழந்தை. அவனுக்கு ஐந்து வயதில் மறுபடி ராணுவம் வருகிறது என்று ஊரே கிளம்பி எல்லையில் இருக்கிற பெரிய மலைக்கு நடந்தது. மழை, பனி. மலைமேல் தார்ப்பாய்க்குக் கீழே ரொம்ப நாள் இருந்தார்கள். தார்ப்பாயை எதில் கட்டினீர்கள் என்று கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அப்பா பிடித்துக்கொண்டு நின்றார் என்றான். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கார்த்திகை வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஒரு சுன்னத்துக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டேன். வேடிக்கை பார்க்கட்டும் என்று அவனையும் லாரியில் கூட்டிப்போனேன். டாக்டர் உள்ளே கட்டிலில் வைத்தே காரியத்தை முடித்துவிட்டு வந்துவிட்டார். அவனுக்கு ஒரே ஏமாற்றம். மடியில் யாரும் வைத்துக்கொள்ளவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அன்று சாயந்திரம் சின்னவள் மூலமாக அதைச் சொன்னான். அவர்கள் பக்கத்தில் பையனுக்குச் சுன்னத்து செய்யும்போது வெளி ஆள் ஒருவர் அவனை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொந்தத்தில் இருக்கக் கூடாது. வேற்றுக் குலத்தான், வேற்று மதத்தானாக இருந்தால் இன்னும் விசேஷம். ஒரு சொட்டு ரத்தம் அவர் மடியில் விழும். அதோடு அவர் அந்தப் பையனுக்குக் கிரீவ். ஆயுசுக்கும் விட்டுப்போகாத உறவு. இவனுடைய கிரீவ் ஒரு யசீதிக்காரர். மலைக்கு ஓடியபோது அப்பா பாட்டியைத் தூக்கிக்கொண்டார், இவனைத் தோளில் வைத்து மலை முழுக்கத் தூக்கிப்போனது அந்தக் கிரீவ். தன் பிள்ளைகளை நடக்க விட்டுவிட்டு.

இதற்கு மேலும் அவன் ஏதோ சொன்னான். நீளமாகவே சொன்னான். சின்னவள், "அவ்ளோதாம்பா, ரொம்ப நெருங்கின உறவாம்" என்று முடித்துவிட்டாள். நம்ம தாய்மாமன் மாதிரி என்று நான் சொன்னேன். நாமும் காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தானே வைக்கிறோம். ரத்தமும் வரும். இரண்டும் ஒன்றுதான் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

பங்குனியில் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. ஊரே தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மலைமேல் ஏறுமாம், கீழேயிருந்து பார்த்தால் நெருப்பு ஆறு மேல்நோக்கி ஓடுகிற மாதிரி இருக்குமாம். இங்கே மலை ஏது? என் மொட்டை மாடியில் பந்தம் கொளுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிற ஊர்க்காரன் நான், நெருப்புக்கு என்ன வந்தது என்று பந்தல் மூங்கில் இரண்டு கொடுத்தேன். ஒன்றை அவன் பிடித்தான். இன்னொன்றைச் சின்னவள் பிடித்தாள். என் மனைவியும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். தெருவில் பார்த்தவர்கள் கண்ணுக்கு என் மனைவி மட்டும் தெரியவில்லை.

சின்னவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். நெல்லிக்குப்பத்து இடம் ஒன்று ஜாதகம் வரைக்கும் வந்து நின்றுபோனது. அடுத்தது விருத்தாசலம். அதுவும் பேச்சு மூச்சு இல்லை. தரகரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கோச்சிக்காதீங்க. மாடியில இருக்கற பையன் ஒங்கள மாமாங்கறான். பொண்ணு பந்தத்தப் புடிச்சிகினு நிக்குது. கேக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

மாமா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது அவனோடு மெஸ்ஸில் சாப்பிடுகிற பையன்கள். பெரியவர்களைக் கண்டால் மாமா என்று சொல் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது சகஜம்தான். ஆனால் வயசுப் பெண் இருக்கிற வீட்டில் மாடியில் குடியிருக்கிறவன் சொன்னால் அதன் கணக்கு வேறு.

அவனைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்றாள் என் மனைவி. நான் மாட்டேன் என்றேன். இப்போது அனுப்பினால் விஷயம் உண்மை, அதனால்தான் அனுப்பிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பந்தல் சாய்கிற மாதிரி தெரிந்தால் காலைப் பிடுங்கக் கூடாது, எதிர்ப்பக்கம் ஒரு கயிறு கட்ட வேண்டும்.

கயிறு தானாக வந்தது. பெரியவளின் மகனுக்கு மூன்று வயது. ஆனியில் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். பெரியவளுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. என் தம்பி மகன்தான் மாமன் முறையில் உட்கார வேண்டியவன். தம்பியும் நானும் கிராமத்து நிலத்துப் பாதை விவகாரத்தில் பேசிக்கொள்வதில்லை. நான் போய் நிற்கப்போவதில்லை, அவன் வரப்போவதுமில்லை. மாமன் இல்லாமல் காது குத்தினால் பெரியவளுக்கு மாமியார் வீட்டில் இளப்பம்.

யோசனை என்னுடையது. இந்தப் பையனை மாமன் மடியில் உட்காரவைத்துவிட்டால்? பெரியவளுக்கு அண்ணன் தம்பி ஆகிறான் என்றால் சின்னவளுக்கும் அதுதான். நூறு பேர் பார்க்கச் சபையில் நடந்தால் அதற்குப் பிறகு எவன் வாயைத் திறப்பான்? ஒரே மடியில் இரண்டு காரியம். இந்த மாதிரி யோசனை படிப்பில் வராது.

சின்னவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவனிடம் கேட்டேன். அதற்குள் அவனுக்கு ஓரளவு தமிழ் வந்துவிட்டது. ஆனாலும் இது தப்பாகப் போய்ச் சேரக் கூடாது. என் பேரனை நீ மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். வாயில் போடப்போன கல்கண்டைத் தட்டில் திரும்ப வைத்தான். பிறகு சின்னவளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டான், நடுவில் கிரீவ் என்று வந்தது. அவள் கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "யெஸ்" என்றாள். அந்தப் பதில் மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். சீர் செலவுக்கு யோசிக்கிறான் என்று நினைத்து, "செலவெல்லாம் என்னுது, நீ வந்து உக்காந்தா போதும்" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. எழுந்து மாடிக்குப் போய்விட்டான். இரண்டு மூன்று நாள் டீக்கும் வரவில்லை. அப்புறம் ஒரு காலையில் வந்து, அப்பா சம்மதித்துவிட்டார், சீர் நான்தான் செய்வேன் என்றான். ஒரு மடிக்கு இவ்வளவு யோசனையா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

பெரியவளின் மாமியார் முதலில் இழுத்தார்கள். வேற்று மதத்துப் பையன், குலதெய்வத்துக்கு முன்னால் எப்படி என்றார்கள். கோயிலுக்குள் வேண்டாம், எதிரே பந்தலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. "பந்தல் என்னுது, சாப்பாடு என்னுது, மடி மட்டும் யாருதா இருந்தா என்னா சம்மந்தி" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

கோயில் காடாம்புலியூர்ப் பக்கம், முந்திரித் தோப்புக்குள்ளே. பலாப்பழக் காலம். வண்டியை விட்டு இறங்கினதுமே வாசனை தூக்கியது. பந்தலுக்கு நானே நின்று கால் ஊன்றினேன். குறிஞ்சிப்பாடியில் புதிதாக ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு நெய்வேலியில் வேலை. அந்தப் பையனின் அம்மாவைச் சாப்பிட வரச்சொல்லித் தரகர் மூலம் அழைத்திருந்தேன். சாப்பாடு சாக்கு. பார்க்கட்டும் என்றுதான். அவர்களும் அதற்குத்தான் வந்தார்கள். முதல் வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சீர்த்தட்டு ஒன்பது. அவன் பணத்தில் அவனே வாங்கியது. புது வேட்டி கட்டியிருந்தான். நிற்காமல் நழுவியதால் மேலே பெல்ட்டு. பேரனுக்கு முடி இறக்கி, சந்தனம் பூசி, மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை கத்த ஆரம்பித்தது. அவன் தன் உள்ளங்கையால் அதன் கண்ணை மூடி, காதோரம் குனிந்து அவன் பாஷையில் என்னவோ சொன்னான். முதல் காது முடிந்தது. இரண்டாவது காதில் பிள்ளை தலையைத் திருப்பியதில் ஒரு சொட்டு ரத்தம் வேட்டியில் விழுந்தது. யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து துடைக்கப் போனார்கள். அவன் கையை வைத்து மறைத்துக்கொண்டான். துடைக்கக் கூடாது என்றான். வேட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பெரியவளின் மாமியாருக்கு வாய் சும்மா இருக்காது. மாமன் என்று ஒருவன் உட்கார்ந்துவிட்டால் கேலி பேசாமல் விடுவது மரியாதை இல்லை. சபை நிறைய ஆட்கள். சத்தமாகவே சொன்னார்கள்:

"இந்தாப்பா, காது குத்தின மாமா. நாளைக்கு ஒனக்குப் பொண்ணு பொறந்தா எங்க வீட்டுக்குத்தான். மாமன் பொண்ணு, உரிமை. இப்பவே சொல்லிப்புட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை அணைத்துக்கொண்டே எழுந்து நின்றான். சிரிக்கவில்லை.

"இல்லம்மா" என்றான். "முடியாது. கல்யாணம் இல்ல."

விசேஷ வீட்டில் சம்பந்தி கேட்டதற்கு முடியாது என்று நேருக்கு நேர் சொல்வதா? பந்தல் அப்படியே அடங்கிவிட்டது. முதல் வரிசையில் குறிஞ்சிப்பாடி அம்மா கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் தமிழில் தேடிப் பார்த்தான், வார்த்தை வரவில்லை. இங்கிலீஷில் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லிக்கொண்டே சின்னவளைப் பார்த்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் பின்னால் பெண்களோடு நின்றிருந்தாள். முன்னால் வந்து, சந்தையில் விலை சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"அவரு ஊருல இது வேற மாதிரியாம். ரத்தம் மடியில பட்டுட்டா ரெண்டு குடும்பமும் ஒரே ரத்தமாம். பொண்ணு குடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. ஏழு தலைமுறைக்கு. அக்கா, நான், எல்லாரும் அவருக்குக் கூடப்பொறந்த மாதிரியாம். தெரிஞ்சிதான் ஒக்காந்தேங்கறாரு."

அவள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லி முடித்ததும் பிள்ளையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, பாலுக்கு என்று அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பத்தர் ஊசியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். குறிஞ்சிப்பாடி அம்மா வெற்றிலையை வாயில் போட்டு மென்று, பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்கள்:

"அப்ப ஒங்க சின்னப் பொண்ணு கல்யாணத்துக்குப் பொரி போடறது இந்தப் புள்ளதானா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் ஓமத்தீக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடுவது உடன்பிறந்தவன். அந்த அம்மா அப்படிக் கேட்டதும் வரன் அமைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தரகர் அதற்குப் பிறகு வந்து சொன்னதெல்லாம் சும்மா. பந்தி போடச் சொன்னேன்.

பெரியவளின் மாமியாருக்கு மட்டும் சாப்பாடு போட்டும் கோபம் பாதிதான் இறங்கியது. வாய் வைத்துக் கேட்டதற்கு இல்லையென்றுவிட்டான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்தால் உரிமை வருகிறது நமக்கு. அவர்களுக்கு உரிமை போகிறது. மடி என்னவோ ஒரே மடிதான்.

அன்றைக்கு லாரியில் திரும்பும்போது சின்னவளைக் கேட்டேன். இந்தக் கல்யாண விஷயத்தை அவன் முன்னாலேயே சொல்லியிருந்தானா என்று. பரங்கிப்பேட்டை போய் வந்த அன்றைக்கே சொன்னாராம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். "மறந்துட்டேம்பா" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தை மாதம் கல்யாணம். நான் போட்ட பந்தல்களிலேயே அதுதான் பெரியது. மேல வீதியில் நின்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவன் பொரி போட்டான். அதற்குள் என்னை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தான். மாப்பிள்ளை அவனை மச்சான் என்றார். தீக்கு முன்னால் குனிந்தபோது பொரி கொஞ்சம் கீழே சிந்தியது. என் மனைவி, நிறைய போடுப்பா, கை நிறைய அள்ளிப் போடு என்றாள். இரண்டாம் தரம் சரியாகப் போட்டான். தம்பியும் தம்பி மகனும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

அவன் படிப்பு முடிந்து ஊருக்குப் போனபோது அந்த வேட்டியைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் அடியில் வைத்தான். இரண்டு கிலோ கல்கண்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் தானே புயல். காடாம்புலியூரில் அந்த முந்திரித் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது. என் குடோனின் தகரம் பறந்து, சாமியானாத் துணியெல்லாம் கிழிந்து மரத்துக்கு மரம் தொங்கியது. ஃபோன் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதலில் வந்த அழைப்பு அவனுடையது. பேரன் எப்படி இருக்கிறான், தங்கச்சி வீட்டுக் கூரை இருக்கிறதா, அப்பா எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று வரிசையாகக் கேட்டான். நான் எதையும் பிடிக்கவில்லை, கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக அவன் சிரித்துக் கேட்டேன். சாமான்களைப் பொறுக்கிச் சேர்க்கத் தம்பி மகன் தானாக வந்து நின்றான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறே மாதத்தில் தொழிலைத் திரும்பத் தூக்கி நிறுத்திவிட்டேன். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் படுத்தவன் எழுந்திருக்க மாட்டான்.

இப்போது சின்னவளுக்கு ஒரு பெண் குழந்தை. வருஷம் ஆகப்போகிறது. காது குத்த வேண்டும். தம்பி மகன் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் பெரியப்பா என்று அவனாகவே கேட்டான். முறையும் அதுதான், செலவும் அவன்தான் செய்கிறேன் என்கிறான். மாப்பிள்ளைக்கும் சம்மதம். சின்னவள்தான் பிடிவாதமாக இருக்கிறாள்.

"அண்ணன் வரட்டும்பா" என்கிறாள். "ஒத்தப்படை வயசுலதான குத்தணும். ஒண்ணு இல்லன்னா மூணு, மூணு இல்லன்னா அஞ்சி. என்னா அவசரம்?"

அங்கே அவனுக்கு அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. லீவு எப்போது கிடைக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை. விசா வேறு இருக்கிறது. அதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தம்பி மகனிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பந்தல் துணியெல்லாம் புயலுக்குப் பிறகு புதிதாக எடுத்தது. நல்ல துணி, அஞ்சு வருஷத்துக்குச் சாயம் போகாது.